பொய், போலி, மோசடி: ஆங்கிலச் சொற்களை டேனிஷுக்குக் கொண்டுபோவது எப்படி

ஆங்கிலத்திலிருந்து டேனிஷுக்கு மொழிபெயர்க்கப் புதிதாக இறங்குகிறவர்கள் தொழில்நுட்பச் சொற்களைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அவற்றை அகராதி பார்த்துக்கொள்ளும். உண்மையில் காலை வாருபவை ‘ஃபால்ஸ்’ (பொய்யான, தவறான), ‘லை’ (பொய்), ‘சீட்’ (ஏமாற்றுவது), ‘ஃபேக்’ (போலி), ‘ஃபிராட்’ (மோசடி) போன்ற, எல்லோருக்கும் தெரிந்த சொற்கள். ஆங்கிலத்தில் ஒரு சொல் ஐந்தாறு வேலை பார்க்கும். டேனிஷில் ஒவ்வொரு வேலைக்கும் தனிச் சொல் உண்டு. இன்னொன்று, இந்தச் சொற்கள் எல்லாமே யாரோ ஒருவர் தலையில் போய் விழுபவை. உதவித்தொகை விண்ணப்பத்தில் வருமானத்தைத் தவறாக எழுதிய ஒருவரை, ஆங்கிலத்தில் அப்படிச் சொல்லாதபோதே, டேனிஷில் மோசடிக்காரர் ஆக்கிவிட்டால் அந்தச் சொல் அவருடைய கோப்பில் தங்கிவிடும். ஆங்கிலம் எவ்வளவு குற்றம் சாட்டுகிறதோ அவ்வளவுதான் டேனிஷும் சாட்டவேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இந்தக் கட்டுரை முழுக்க அதற்கான வழிமுறைதான்.

டேனிஷ் சொற்களை இங்கே அவற்றின் எழுத்துக்கூட்டலை ஒட்டித் தமிழில் எழுதுகிறேன், அகராதியில் தேட வசதியாக இருக்கட்டும் என்று. பேச்சு வேறு மாதிரி இருக்கும். பொய்யைக் குறிக்கும் ‘லோக்ன்’ என்ற சொல்லை வாயில் ‘லொய்ன்’ என்றுதான் சொல்வார்கள்.

முதலில் மேசையில் என்ன இருக்கவேண்டும்

ஆங்கில–டேனிஷ் அகராதி ஒன்று போதும் என்று உட்காரவேண்டாம். அது ஒரு சொல்லுக்கு எட்டுச் சொல் கொடுக்கும். எட்டில் எது என்று சொல்லாது. அதை அறிய டேனிஷ்–டேனிஷ் அகராதி வேண்டும். டேனிஷ் மொழி இலக்கியச் சங்கம் நடத்தும் ‘டென் டான்ஸ்கெ ஓர்ட்போக்’ இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். நிலைத்த தொடர்களைத் தரும் பகுதியும், ‘ஓர்ட் இ நேர்ஹெடென்’ என்ற பக்கத்துச் சொற்களின் பகுதியும்தான் நமக்கு அதிகம் உதவுபவை. ஒரு சொல்லோடு எந்தச் சொற்கள் சேர்ந்து வருகின்றன என்பது முன்னதிலும், பொருளில் எந்தச் சொற்கள் அதன் பக்கத்தில் நிற்கின்றன என்பது பின்னதிலும் தெரியும்.

பழைய எழுத்து என்றால், அதாவது 1948க்கு முந்தைய எழுத்துமுறையில் பெயர்ச்சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்கி எழுதிய காலத்துப் பனுவல் என்றால், 1918 முதல் 1956 வரை 28 தொகுதிகளாக வெளிவந்த பெரிய அகராதியான ‘ஓர்ட்போக் ஓவர் டெட் டான்ஸ்கெ ஸ்ப்ரோக்’ வேண்டும். அதுவும் இணையத்தில் இருக்கிறது. சட்டப் பனுவலுக்கு டென்மார்க் அரசின் சட்டத் தரவுத்தளமான ‘ரெட்ஸ்இன்ஃபோர்மேஷோன்’. ஐரோப்பிய ஒன்றியச் சட்டங்களுக்கு ‘யூர்லெக்ஸ்’. ஒரே சட்டத்தை ஆங்கிலத்திலும் டேனிஷிலும் பக்கம் பக்கமாக வைத்துப் படிக்கலாம். புதிதாக வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

சொல்லைத் தேடுமுன் கேட்கவேண்டியவை

ஆங்கில வாக்கியத்தைப் படித்ததும் அகராதிக்கு ஓடாமல் இவற்றைக் கேளுங்கள். பொய்யானது எது: ஒரு கூற்றா, ஒரு பொருளா, ஒரு ஆளா? வேண்டுமென்றே நடந்தது என்று ஆங்கிலம் சொல்கிறதா, சும்மா இருக்கிறதா? யாருக்காவது பணம் போயிருக்கிறதா? பேசுவது யார், நண்பரா, பத்திரிகையா, நீதிமன்றமா? இந்தக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. விடை கிடைக்காவிட்டால் பொருத்தமான சொல்லும் கிடைக்காது. மங்கலான ஆங்கிலத்தை டேனிஷ் சொல் தானாக ஒரு பக்கம் சாய்த்துவிடும்.

‘ஃபால்ஸ்’: எல்லாவற்றையும் ‘ஃபால்ஸ்க்’ ஆக்கவேண்டாம்

ஒலி ஒற்றுமையைப் பார்த்து எல்லா இடத்திலும் ‘ஃபால்ஸ்க்’ போடுவதுதான் மிக அடிக்கடி காணும் பிழை. ‘ஃபால்ஸ்க்’ பல இடத்தில் சரிதான். கள்ளப் பணம் ‘ஃபால்ஸ்கெ பெங்கெ’. பொய்ப் பெயர் ‘ஃபால்ஸ்க் நாவ்ன்’. மருத்துவச் சோதனையில் தவறாக வரும் நேர்முடிவு ‘ஃபால்ஸ்க் போசிடிவ்’. சுருதி விலகிப் பாடுவதும் ‘ஃபால்ஸ்க்’ பாடுவதுதான். எக்செலின் டேனிஷ் பதிப்பில் உண்மை, பொய் என்ற இரு மதிப்புகளும் ‘சான்ட்’, ‘ஃபால்ஸ்க்’ என்றே இருக்கின்றன. ஆனால் ஒரு பெண்ணைப் பற்றி ‘ஹுன் எர் ஃபால்ஸ்க்’ என்று எழுதினால் அவள் முன்னால் ஒன்று பின்னால் ஒன்று பேசுகிறவள் என்று பொருள். கூற்றைப் பற்றிய சொல் ஆளைப் பற்றியதாக மாறும்போது எடை ஏறிவிடுகிறது.

அரசு அலுவலகத்துக்குக் கொடுத்த தவறான தகவல் என்றால் சொல் ‘உரிக்டிக்’. ‘உரிக்டிகெ ஓப்லுஸ்நிங்கர்’ என்பது சட்டங்களிலும் விண்ணப்பப் படிவங்களிலும் நிலைத்துவிட்ட தொடர். தகவல் சரியில்லை என்பதை மட்டும் அது சொல்கிறது. கொடுத்தவர் தெரிந்தே கொடுத்தாரா என்பதை அடுத்த சொல்லுக்கு விட்டுவைக்கிறது. நான் இந்தச் சொல்லை மிகவும் மதிக்கிறேன். மனிதரைத் தீர்ப்புக்கு முன்பே தண்டிக்காத சொல் இது. தேர்வு விடை, முகவரி, கணக்குக் கூட்டல் போன்ற வெறும் தவறுகளுக்கு ‘ஃபோர்கெர்ட்’. உண்மைக்கு மாறானது என்று கொஞ்சம் கண்ணியமாகச் சொல்ல ‘உசான்ட்’.

இனி ‘ஃபால்ஸ்’ என்பதற்கு டேனிஷில் பொய்யென்ற பேச்சே வராத இடங்கள். பொய்ப் பல் ‘ஃபோர்லோர்னெ டேன்டர்’. அதே ‘ஃபோர்லோரென்’ சமையலறையிலும் உண்டு. ‘ஃபோர்லோரென் ஹாரெ’ என்பது அரைத்த இறைச்சியை நீளமாகப் பிடித்து, மேலே பன்றி இறைச்சிக் கீற்றுகள் வைத்து அடுப்பில் வேகவைக்கும் சாப்பாடு. ஹாரெ என்றால் முயல். உள்ளே முயல் கிடையாது. இதை ‘ஃபால்ஸ்க் ஹாரெ’ என்று எழுதினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்பதுபோல் ஆகிவிடும். ஓட்டப் பந்தயத்தில் துப்பாக்கி வெடிக்குமுன் ஓடிவிடுவது ‘டுவ்ஸ்டார்ட்’, திருட்டுத் தொடக்கம். பெட்டியின் பொய்யடி ‘டொபெல்ட் புன்ட்’, இரட்டை அடி. நாடகத்தில் ஒட்டிக்கொள்ளும் தாடி ‘லோஸ்ஸ்கேக்’. இவற்றை விதியாகக் கற்கமுடியாது. ‘ஃபால்ஸ்’ ஒரு பெயர்ச்சொல்லோடு சேர்ந்து வந்தால் இரண்டையும் சேர்த்தே தேடுங்கள்.

‘லை’: முன்னிடைச்சொல்லில்தான் ஆபத்து

பொய் ‘லோக்ன்’, பொய் சொல்வது ‘லுவெ’. ‘லுவர், லோய், லோயெட்’ என்று காலத்துக்குக் காலம் உருமாறும். பொய் சொல்பவர் ‘லோக்னர்’. வீட்டிலும் பள்ளி முற்றத்திலும் ‘லோக்ன்ஹால்ஸ்’.

கவனிக்கவேண்டிய இடம் இது. ‘அவன் என்னிடம் பொய் சொன்னான்’ என்பது டேனிஷில் ‘ஹான் லோய் ஃபோர் மை’. ஆங்கிலப் பழக்கத்தில் ‘ஃபோர்’ என்பதைப் பார்த்ததும் ‘எனக்காகப் பொய் சொன்னான்’ என்று படிக்கத் தோன்றும். பொருள் தலைகீழாகிவிடும். வாக்குமூலத்தில் இது நடந்தால் ஏமாந்தவர் உடந்தையாகிவிடுவார். எனக்காக என்று சொல்ல ‘ஃபோர் மின் ஸ்குல்ட்’ என்று தனியாகச் சொல்லவேண்டும். எதைப் பற்றிப் பொய் என்பதற்கு ‘ஒம்’.

‘டெட் எர் லோக்ன்!’ என்று ஒரு டேனிஷ்காரர் கூவினால் உங்களைப் பொய்யர் என்று அவர் சொல்லவில்லை. ‘அட, நிஜமாவா!’ என்கிறார். ‘டெட் மோ வேரெ லோக்ன்’ என்றால் ‘இதென்ன கொடுமை’ என்ற அலுப்பு. ஆங்கிலத்தில் வியப்பைக் காட்டும் தொடர்களுக்கு இவை அழகாகப் பொருந்தும். ஆனால் ‘டு லுவர்’ என்று முகத்துக்கு நேரே சொன்னால் அது சண்டைதான்.

தீங்கில்லாத சின்னப் பொய்க்கு ‘ஹ்விட் லோக்ன்’ என்று ஆங்கிலத்தைப் போலவே வெள்ளைப் பொய் உண்டு. இன்னொன்று ‘நோட்லோக்ன்’, இக்கட்டில் வேறு வழியின்றிச் சொல்லும் பொய். இரண்டும் ஒன்றல்ல. பிறந்தநாள் பரிசு பிடித்திருக்கிறது என்பது முன்னது. சங்கடத்திலிருந்து தப்பிக்க, வேறு வேலை இருக்கிறது என்று சாக்குச் சொல்வது பின்னதோடு ஒட்டிவரும். முழுக்க இட்டுக்கட்டியது ‘ஓப்ஸ்பின்ட்’. நூற்கும் வினையிலிருந்து வந்த சொல், நம்முடைய கயிறு திரிப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. மிகைப்படுத்தி ரசித்துச் சொல்லும் புளுகு ‘ஸ்க்ரோனெ’ அல்லது ‘ரோவர்ஹிஸ்டோரியெ’. இவற்றில் குற்றம் கிடையாது. ஆங்கிலம் கதையளப்பைப் பற்றிப் பேசும்போது ‘லோக்ன்’ போடுவது அநியாயம்.

கண்ணியமாகச் சொல்லவேண்டிய இடத்தில் ‘டாலெ உசான்ட்’, உண்மையல்லாததைப் பேசுவது. தெரிந்தே சொன்னார் என்பதற்கு ‘மோட் பெட்ரெ விடென்டெ’ என்ற அருமையான தொடர் இருக்கிறது. தனக்கு நன்றாகத் தெரிந்ததற்கு மாறாக என்று பொருள். ஆங்கில மூலத்தில் ‘தெரிந்தே’ என்ற குறிப்பு இருந்தால் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

‘ஃபிராட்’: யாருடைய சட்டம் என்று பாருங்கள்

இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் போவோம். ‘ஃபிராட்’ என்பதற்கு டேனிஷ் குற்றவியல் சட்டத்தின் சொல் ‘பெட்ராகெரி’. 1930இல் இயற்றப்பட்டு 1933இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின் 279ஆம் பிரிவு அதை வரையறுக்கிறது. உரிமையில்லாத ஆதாயத்துக்காக, ஒருவர் மனத்தில் ஒரு தவறான எண்ணத்தை உண்டாக்கியோ, ஏற்கெனவே இருக்கும் தவறான எண்ணத்தை உறுதிப்படுத்தியோ, பயன்படுத்திக்கொண்டோ, அவரை ஒன்றைச் செய்யவைத்து அல்லது செய்யாமல் விடவைத்துப் பண இழப்பை உண்டாக்குவது என்பது அதன் சாரம். அந்தத் தவறான எண்ணத்துக்குச் சட்டம் இட்ட பெயர் ‘வில்ட்ஃபாரெல்செ’, வழிதப்பிப் போவது. பொய் சொன்னால்தான் குற்றம் என்று பிரிவில் இல்லை என்பதைக் கவனியுங்கள். எதிராளி தவறாக நினைத்துக்கொண்டிருப்பதைத் தெரிந்துகொண்டு அதைப் பயன்படுத்திக்கொண்டாலும் போதும். அதனால் ‘பெட்ராகெரி’யை விளக்கும்போது ‘லோக்ன்’ என்று தொடங்கினால் சட்டத்தைச் சுருக்கிவிடுவீர்கள்.

இயந்திரத்தின் மனத்தில் தவறான எண்ணம் உண்டாகாது. அதனால் கணினித் தரவைச் சட்டவிரோதமாக மாற்றிப் பணம் பார்ப்பதற்கு 279 அ என்று தனிப் பிரிவும் ‘டாடாபெட்ராகெரி’ என்று தனிப் பெயரும் உண்டு. அக்கம்பக்கத்தில் இருக்கும் குற்றங்களையும் கலக்காதீர்கள். கையில் ஒப்படைத்த பணத்தைக் கையாடல் செய்வது ‘உன்டர்ஸ்லேப்’, பிரிவு 278. மற்றவருக்காகச் செயல்படும் பொறுப்பை அவருக்கே எதிராகப் பயன்படுத்துவது ‘மான்டாட்ஸ்விக்’, பிரிவு 280. ஆங்கிலப் பத்திரிகைகள் இவை எல்லாவற்றையும் தாராளமாக ‘ஃபிராட்’ என்றே எழுதும். மூலத்தில் என்ன நடந்தது என்று படித்துத்தான் பிரிக்கமுடியும்.

இனி ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வாருங்கள், சொல்லே மாறிவிடும். மோசடித் தடுப்புக்கான ஒன்றியத்தின் அலுவலகத்துக்கு டேனிஷ் பெயர் ‘டெட் யூரோபேயிஸ்கெ கொன்டோர் ஃபோர் பெகேம்பெல்செ ஆஃப் ஸ்விக்’. இங்கே ‘பெட்ராகெரி’ இல்லை, ‘ஸ்விக்’. ஒன்றியத்தின் நிதி நலன் பற்றிய ஆவணம் என்றால் ‘ஸ்விக்’ போடுங்கள். ஒப்பந்தச் சட்டத்திலும் அதுதான்: 1917ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, ஏமாற்றிப் பெற்ற ஒப்புதல் கட்டுப்படுத்தாது என்று சொல்லும்போது ‘ஸ்விக்’ என்கிறது. வரி விவகாரத்தில் ‘ஸ்காட்டெஸ்விக்’. நகராட்சி உதவித்தொகையை ஏமாற்றி வாங்குவதோ ‘சோசியால்ட் பெட்ராகெரி’. ஏன் ஒன்றில் இது, இன்னொன்றில் அது என்று தர்க்கம் தேடவேண்டாம். துறைக்குத் துறை நிலைத்த சொல்லைப் பின்பற்றுவதுதான் வேலை. ‘ஸ்விக்டெ’ என்ற வினையையும் தள்ளி வையுங்கள். அது கைவிடுவது, துணை நிற்கவேண்டிய நேரத்தில் நிற்காமல் போவது. மாமியாரைக் குறிக்கும் ‘ஸ்விகர்மோர்’ என்பதற்கும் வஞ்சகத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

குற்றவியல் சட்டத்தின் 171ஆம் பிரிவில் ஒரு பொறி இருக்கிறது. பொய்யான ஆவணத்தை ‘டில் அட் ஸ்குஃபெ இ ரெட்ஸ்ஃபோர்ஹோல்ட்’, அதாவது சட்ட விவகாரத்தில் ‘ஸ்குஃபெ’ செய்வதற்காக, பயன்படுத்துகிறவர் ‘டோகுமென்ட்ஃபால்ஸ்க்’ என்ற போலி ஆவணக் குற்றத்துக்குத் தண்டிக்கப்படுவார் என்கிறது அது. இன்றைய டேனிஷில் ‘ஸ்குஃபெ’ என்றால் ஒருவரை ஏமாற்றமடையச் செய்வது, எதிர்பார்ப்பைப் பொய்க்கவைப்பது. பிரிவில் அதற்குப் பழைய பொருள்: வஞ்சிப்பது. தமிழில் ஏமாற்றம், ஏமாற்று இரண்டும் ஒரே வேரில் நிற்பதால் நமக்கு இது எளிதாகப் பிடிபடும். ஆனால் இக்காலப் பனுவலில் ‘டிசீவ்’ என்பதற்கு ‘ஸ்குஃபெ’ எழுதிவிடாதீர்கள். பழைய பொருள் இன்று உயிரோடு இருப்பது ‘அச்சு அசலாக அதே போல’ என்னும் பொருளில் வரும் ‘ஸ்குஃபென்டெ’ போன்ற சில தொடர்களில்தான்.

குற்றச்சாட்டின் கட்டத்தையும் பாருங்கள். ‘ஃபிராட் வழக்கில் சார்ஜ் செய்யப்பட்டார்’ என்ற ஆங்கிலத்துக்கு டேனிஷில் இரண்டு படிகள் உண்டு. காவல்துறை சந்தேக நபராக முறைப்படி அறிவித்தால் ‘சிக்டெட்’; அரசுத் தரப்பு குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால் ‘டில்டால்ட்’. குற்றவாளி என்ற தீர்ப்பு வந்தபின் ‘டோம்ட்’. ‘டோம்ட்’ வரும்வரை ஒருவரை மோசடிக்காரர் என்னும் பொருளில் ‘பெட்ராகர்’ என்றோ ‘ஸ்வின்ட்லர்’ என்றோ எழுத நமக்கு உரிமையில்லை. ‘சொல்லப்படுகிறபடி’ என்ற பொருளில் ‘ஆங்கிவெலிக்ட்’ சேர்த்துக்கொள்ளலாம். ஆங்கில மூலம் அந்த எச்சரிக்கையோடு எழுதியிருந்தால் அது டேனிஷிலும் கட்டாயம் இருக்கவேண்டும்.

‘மிஸ்லீடிங்’: சொல்லாமல் விட்டதற்கும் பெயர் உண்டு

இங்கே தமிழர்களான நமக்கு நேரடித் தொடர்புள்ள ஒரு வரலாறு இருக்கிறது. 1987இல் டென்மார்க்கின் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சென், இலங்கையிலிருந்து வந்த தமிழ் அகதிகளின் குடும்ப ஒன்றிணைப்பு விண்ணப்பங்களை, அவர்களுக்குச் சட்டப்படி உரிமை இருந்தும், கிடப்பில் போடவைத்தார். 1989 ஏப்ரல் 25 அன்று பிரதமர் போல் ஷ்லூட்டர் நாடாளுமன்றத்தில், எதையும் தரைவிரிப்புக்கு அடியில் கூட்டித் தள்ளவில்லை என்றார். விசாரணை நடத்திய உச்ச நீதிமன்ற நீதிபதி மோகென்ஸ் ஹோர்ன்ஸ்லெட்டின் அறிக்கை 1993 ஜனவரியில் வெளிவந்ததும் ஷ்லூட்டர் அரசு பதவி விலகியது. 1995இல் அமைச்சர்களை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றமான ‘ரீக்ஸ்ரெட்’ நின்-ஹான்சென் குற்றவாளி என்று கண்டு நான்கு மாத நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. டென்மார்க்கில் இதற்கு இன்றும் ‘டமில்சாகென்’ என்றே பெயர். கணவனோ மனைவியோ பிள்ளைகளோ போர் நடக்கும் ஊரில் காத்திருக்க, இங்கே கோப்பு நகராமல் கிடந்த காலம் அது.

அமைச்சர்களின் பொறுப்பு பற்றிய 1964ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு நம் வேலைக்குப் பாடப்புத்தகம்போல் இருக்கிறது. அமைச்சர் நாடாளுமன்றத்துக்கு ‘உரிக்டிகெ’ தகவல் தரக்கூடாது, ‘வில்ட்லேடென்டெ’ தகவல் தரக்கூடாது, அவையின் மதிப்பீட்டுக்கு முக்கியமான தகவலை ‘ஃபோர்டீயெ’ செய்யவும் கூடாது என்று மூன்றாகப் பிரிக்கிறது. முதலாவது, உண்மைக்கு மாறானது. இரண்டாவது, ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்தாலும் கேட்பவரைத் தவறான முடிவுக்கு இட்டுச்செல்வது. மூன்றாவது, வாய்மூடி மறைப்பது. ஆங்கிலம் ‘நாடாளுமன்றத்தை டிசீவ் செய்தார்’ என்று மொத்தமாகச் சொல்லும்போது இந்த மூன்றில் எது என்று மூலத்தில் தேடுங்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் வேறு செயலைச் சொன்னவராவீர்கள்.

‘வில்ட்லேடென்டெ’ விளம்பரத்திலும் வரும். வணிக நடைமுறைச் சட்டம் நுகர்வோரைத் திசைதிருப்பும் செயல்களுக்கு இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. அதன் பக்கத்தில் ‘மிஸ்வீசென்டெ’ என்று ஒன்று உண்டு. திசைகாட்டி முள் உண்மையான வடக்கிலிருந்து விலகி நிற்பதற்கும் டேனிஷில் ‘மிஸ்வீஸ்னிங்’ என்றுதான் பெயர். முள்ளுக்குக் கெட்ட எண்ணம் இல்லையே! யாரையும் குற்றம் சொல்லாமல் இந்த வரைபடம், இந்தச் சராசரி, இந்தத் தலைப்பு தவறான படம் தருகிறது என்று சொல்ல ‘மிஸ்வீசென்டெ’ எழுதுங்கள்.

‘சீட்’, ‘ட்ரிக்’, ‘ஃபூல்’

அன்றாட ஏமாற்றுக்கு உழைப்பாளிச் சொல் ‘ஸ்நுடெ’, இறந்தகாலம் ‘ஸ்நோட்’. சீட்டாட்டத்தில், தேர்வில், வரியில், எங்கும் இதுதான். ஒருவரிடமிருந்து ஒன்றைப் பறித்தால் ‘ஸ்நுடெ நோகென் ஃபோர் நோகெட்’. எச்சரிக்கையாக ‘லாட் டை இக்கெ ஸ்நுடெ’ என்றால் ஏமாந்துவிடாதே என்று இதமாகத்தான் ஒலிக்கும். மூக்கைச் சிந்துவதும் ‘ஸ்நுடெ’தான், ஆகவே மூக்கு பக்கத்தில் வந்தால் வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். மணவாழ்க்கையில் நடக்கும் துரோகத்துக்கு ‘ஸ்நுடெ’ வேண்டாம். ‘வேரெ உட்ரோ’ என்று எழுதுங்கள்.

தந்திரத்தால் ஒன்றைச் செய்யவைத்தால் ‘நாரெ’. ஏப்ரல் முதல் நாளில் ‘அப்ரில்ஸ்நார்!’ என்று கத்துவதும் இந்த வேரிலிருந்துதான். முதியவர்களைப் பேச்சில் மயக்கி வீட்டுக்குள் புகுந்து திருடுவதைக் காவல்துறை ‘டிரிக்டுவெரி’ என்கிறது. விவரமறியாதவர்களைப் பிடித்துப் பணம் கறக்கும் வியாபாரத்துக்கு ‘பொன்டெஃபாங்கெரி’, சொல்லுக்குச் சொல் உழவரைப் பிடித்தல். நகரத்துக்குப் புதிதாக வந்த நாட்டுப்புறத்தாரைக் குறிவைத்த ஏமாற்றுக்காரர்கள் அந்தச் சொல்லில் இன்னும் நிற்கிறார்கள். குற்றம் என்று நிரூபிக்கமுடியாத, ஆனால் அநியாயமான வணிகத்தைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரைக்கு இது அவ்வளவு பொருத்தம்.

நடிப்பதற்கு மூன்று. பிள்ளைகள் தூங்குவதுபோல் பாசாங்கு செய்தால் ‘லாடெ சொம் ஒம்’. எழுத்து நடையில் காரணம் கற்பிப்பது ‘ஃபோரெகீவெ’. ஆள்மாறாட்டம் என்றால் ‘உட்கீவெ சிக் ஃபோர்’. 1837இல் வெளியான ஆன்டர்சனின் பேரரசர் புத்தாடைக் கதையில் ஊருக்குள் வரும் இருவரை ஆசிரியர் ‘பெட்ராகெரெ’ என்கிறார்; அவர்கள் தங்களை நெசவாளர்கள் என்று ‘காவெ சிக் உட் ஃபோர்’. இதே தொடரைத்தான் இன்றும் போலிக் காவலர் பற்றிய செய்தியில் படிக்கிறோம். ‘ஃபோர்ஸ்டில்லெ சிக்’ என்றால் பாசாங்கு, ‘ஃபோரெஸ்டில்லெ சிக்’ என்றால் கற்பனை செய்வது. நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம், எழுத்துப் பிழை திருத்தி இரண்டையும் சரியென்று விட்டுவிடும்.

‘ஃபேக்’

பொருளோ ஆவணமோ என்றால், முழுக்கப் போலியாகச் செய்ததா, உண்மையானதைத் திருத்தியதா என்று பாருங்கள். முழுக்கப் போலியாக அச்சடித்த கடவுச்சீட்டு ‘ஃபால்ஸ்க்’. உண்மையான கடவுச்சீட்டில் படத்தை மாற்றியது ‘ஃபோர்ஃபால்ஸ்கெட்’. எல்லைச் சோதனை ஆவணங்களில் இரண்டையும் சேர்த்தே எழுதுவார்கள். பெரிய நிறுவனத்தின் பெயரைப் போட்டு விற்கும் கைப்பை ‘கோபிவாரெ’. போலி முத்து ‘உயேக்டெ’. புகைப்படம் என்றால் ‘மானிபுலேரெட்’ திருத்தியது, ‘இஸ்சேனெசாட்’ ஏற்பாடு செய்து எடுத்தது. இரண்டும் வெவ்வேறு குற்றச்சாட்டு. பொய்ச் செய்திக்கு ‘ஃபால்ஸ்கெ நுஹெடர்’ என்றும் ஆங்கிலத்தையே அப்படியேயும் சொல்கிறார்கள். பேச்சுவழக்கில் தொலைபேசி மோசடி, இணைய மோசடி எல்லாம் ‘ஸ்வின்டெல்’ அல்லது ‘ஃபுப்’. ‘ஃபுப்’ சற்று லேசானது.

ஆய்வுலகில் மட்டும் தனிச் சொல். ஆராய்ச்சி மோசடிக்கு டேனிஷ் சட்டம் ‘விடென்ஸ்காபெலிக் உரேடெலிஹெட்’ என்கிறது. நேர்மையின்மை என்று பொருள். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் இட்டுக்கட்டுவது, திரிப்பது, பிறர் எழுத்தைத் திருடுவது மூன்றும் அதில் அடங்கும், வேண்டுமென்றோ கடும் அலட்சியத்தாலோ செய்திருந்தால். இங்கே ‘பெட்ராகெரி’ போட்டால் பேராசிரியரைக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு அனுப்பியவராவீர்கள்.

மரபுத்தொடர்கள்

ஆங்கில மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் மாற்றாமல், டேனிஷ்காரர் அதே நேரத்தில் என்ன சொல்வார் என்று தேடுங்கள். நமக்குத் தமிழ் துணை வரும். கண்ணில் மண்ணைத் தூவுவது அங்கே ‘ஸ்டிக்கெ ப்லோர் இ ஓய்னெனெ’, கண்ணில் சணல் கழிவைத் திணிப்பது. காதில் பூ சுற்றுவதற்கு மூக்கைப் பிடித்து இழுப்பார்கள்: ‘டாகெ வெட் நேசென்’. அதைவிடக் கனமானது ‘ஃபோரெ பாக் லுசெட்’, வெளிச்சத்துக்குப் பின்னால் கூட்டிப்போவது. இது பத்திரிகைத் தலையங்கத்திலும் வரும். மடியில் கனமில்லாதவருக்கு அங்கே பையில் சுத்தமான மாவு: ‘ரேன்ட் மேல் இ போசென்’. ஏதோ சரியில்லை என்று மூக்கில் வியர்த்தால் ‘உக்லெர் இ மோசென்’, சதுப்பில் ஆந்தைகள். பறவை பிடிக்கும் பசைக்குச்சியில் கால் வைப்பதுபோல் வலையில் விழுவது ‘கோ போ லிம்பின்டென்’. சட்ட ஆவணத்தில் இவற்றில் ஒன்றுக்கும் இடமில்லை.

ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பார்ப்போம்

‘விண்ணப்பதாரர் தன் வருமானத்தைப் பற்றி ஃபால்ஸ் தகவல் கொடுத்து அதிகாரிகளை டிசீவ் செய்தார்’ என்று ஆங்கிலக் கடிதம் ஒன்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் பாதி எளிது: ‘ஆன்சோகரென் காவ் உரிக்டிகெ ஓப்லுஸ்நிங்கர் ஒம் சின் இன்ட்கொம்ஸ்ட்’. இரண்டாம் பாதிக்குக் கை ‘பெட்ரோக்’ என்று போகும். நில்லுங்கள். கடிதம் நீதிமன்றத் தீர்ப்பா? இல்லையென்றால் குற்றத்தின் பெயரோடு ஒட்டிய வினை கூடாது. ‘ஃபோர்டெ பாக் லுசெட்’ என்றால் மரபுத்தொடர், அலுவல் கடிதத்துக்கு ஒத்துவராது. தவறான முடிவுக்கு இட்டுச்சென்றார் என்னும் ‘வில்ட்லெட்டெ’ ஆங்கிலத்தின் எடையோடு சமமாக நிற்கிறது. மூலத்தில் ‘இன்டென்ஷனலி’ இருந்தால், சட்ட ஆவணத்தில் ‘ஃபோர்செட்லிக்ட்’, சாதாரணக் கடிதத்தில் ‘பெவிட்ஸ்ட்’ சேர்க்கவேண்டும். இல்லையென்றால் நாமாகச் சேர்க்கக்கூடாது.

முடித்ததும் டேனிஷை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தைப் பார்க்காமல், அந்தப் பெயருக்குரியவராக உங்களை நினைத்துப் படியுங்கள். உங்கள்மேல் என்ன குற்றம் சாட்டப்பட்டிருக்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். பிறகு ஆங்கிலத்தை எடுத்து அதற்கும் அதேபோல் ஒரு வரி எழுதுங்கள். இரண்டு வரியும் ஒத்துப்போகவேண்டும். ஒத்துப்போகாத இடத்தைத் திருத்துங்கள். மூலமே இரண்டு விதமாகப் படிக்க இடம் கொடுத்தால் நீங்களாக முடிவு செய்யாமல், இரண்டு டேனிஷ் வடிவங்களையும் ஒவ்வொன்றின் பொருளையும் ஒரு குறிப்பாக எழுதி, வேலை கொடுத்தவரிடம் எது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ‘சிக்டெட்’டா ‘டில்டால்ட்’டா என்ற சந்தேகத்துக்கு மட்டும், கேட்காமல் ஒருபோதும் அனுப்பாதீர்கள்.